ஊர் மாறிய ஓடுகள்

1947, 48ஆம் ஆண்டுகளில் 'ஆல்பட்ராஸ்' என்ற ஸ்வீடன் ஆய்வுக் கப்பல் உலகைச் சுற்றிவந்தது. போகிற வழியெல்லாம் ஆழ்கடல் தரையில் குழாய் இறக்கி, அடுக்கு குலையாமல் வண்டலை எடுத்துச் சேர்த்தது. அட்லாண்டிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், 3,000 மீட்டருக்கும் கீழிருந்து வந்த வண்டலை நுண்ணோக்கியில் பார்த்த ராபர்ட் கோல்பேக்கு அங்கே இருக்கவே கூடாத ஒன்று தென்பட்டது. ஏரியிலும் ஆற்றிலும் வாழ்கிற டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் ஓடுகள் அவை. ஒரு மண்தூணில் ஓர் அடுக்கு, ஏறக்குறைய முழுவதுமே, நன்னீர் ஓடுகளால் ஆகியிருந்தது. 1957இல் 'சயன்ஸ்' இதழில் அவர் இதை எழுதியதும், அட்லாண்டிஸ் என்ற கண்டம் கடலில் மூழ்கியது என்று நம்பியவர்கள் உற்சாகமானார்கள். நடுக்கடலுக்கடியில் ஏரிப் பாசி கிடக்கிறதென்றால் அங்கே ஏரி இருந்திருக்க வேண்டும், ஏரி இருந்தால் நிலமும் இருந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். குமரிக்கண்டத்துக்காக எவ்வளவு மை செலவழிந்திருக்கிறது என்று அறிந்த நமக்கு இந்த ஆசை புதிதல்ல.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கத்தில் மூழ்கிய கண்டத்துக்கு இடமில்லை. ஆப்பிரிக்காவில் வற்றிப்போன ஏரிகளின் தரையிலிருந்து காற்று அந்த ஓடுகளைத் தூசியாகக் கிளப்பிக் கடலில் கொட்டியிருக்கிறது. சாட் நாட்டின் பொதேலே பள்ளம் ஒரு காலத்தில் மாபெரும் ஏரியின் அடித்தளம். அங்கே டயாட்டம் ஓடுகள் வெள்ளை மாவாகக் குவிந்து கிடக்கின்றன. உலகிலேயே அதிகத் தூசியைக் கிளப்பும் இடங்களில் அது முதன்மையானது. அந்தத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காடு வரை போகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த டயாட்டம் எவ்வளவு உப்புள்ள நீரில் வாழும் என்று வகைபிரித்து, 'இந்த ஓடு கிடைத்தால் இன்ன தண்ணீர்' என்று படிக்கும் முறைக்கு 1927இல் அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் இதே கோல்பேதான். பழங்காலக் கடற்கரைகளை ஆராய்கிறவர்கள் இன்றும் அவருடைய வகைப்பாட்டின் திருத்திய வடிவங்களையே பயன்படுத்துகிறார்கள். கடல், உவர், நன்னீர் என்று இனங்களைப் பிரித்துக் கொடுத்தவருக்கே, ஓடு கிடந்த இடம் வேறு, அது வாழ்ந்த இடம் வேறு என்ற சிக்கல் நேர்ந்தது. இந்தத் துறையின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். இனங்களை அடையாளம் காண்பது கண்ணைக் கெடுக்கும் வேலை என்றாலும் பழகினால் வந்துவிடும். இந்த ஓடு இந்த ஊர்க்காரனா, வழிப்போக்கனா என்று தீர்மானிப்பதுதான் பழகியும் எளிதாகாத வேலை.

டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சிறியவை. உலகில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவற்றின் உழைப்பு. நீரில் கரைந்துள்ள சிலிக்காவை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இரண்டு மூடிகளாக ஓடு செய்துகொள்கின்றன. அந்த ஓட்டில் உள்ள வரி, துளை, விளிம்பு ஆகியவை இனத்துக்கு இனம் மாறும். செல் செத்து அழுகிய பிறகும் ஓடு நிலைக்கும். எங்கோ ஆழத்தில் தோண்டியெடுத்த சேற்றில் ஒரு சிட்டிகையை ஹைட்ரஜன் பெராக்சைடில் கொதிக்கவைத்து, தாவரக் கழிவையெல்லாம் எரித்துவிட்டு, மிஞ்சியதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்டின் பெயரையும் சொல்லிவிடலாம். ஒரு மாதிரிக்கு முந்நூறு நானூறு மூடிகளை எண்ணுவது வழக்கம். ஒரு மீட்டர் மண்தூணைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டிப் பார்ப்பதென்றால் எத்தனை நாள் நுண்ணோக்கியின் முன் குனிந்திருக்க வேண்டும் என்று வாசகர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கடற்கரைக்கு இவை ஏன் இவ்வளவு பொருந்துகின்றன? கழிமுகத்தில் கடலிலிருந்து கரைக்கு ஏறிப்போகும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு கூட்டம் உண்டு. தாழ்ந்த மணல்திட்டில் மணல்துகளையே பற்றிக்கொண்டு வாழ்பவை ஒரு கூட்டம். சேற்றுப் பரப்பின் மேல் ஊர்ந்து திரிபவை இன்னொன்று. அதற்கும் மேலே, பெரிய ஓதத்தின்போது மட்டும் உப்புநீர் நனைக்கும் புல்திடலில் காஸ்மியோனெய்ஸ் புசில்லா, பின்னுலேரியா லாகர்ஸ்டெட்டியை போன்றவை. அதையும் தாண்டிய ஈர மண்ணில், பாதி நாள் காய்ந்து கிடந்தாலும் சாகாத ஹான்ட்ஸ்ஷியா ஆம்ஃபியாக்சிஸ். செங்குத்தாக ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் வித்தியாசத்துக்குள் இத்தனை மாற்றமும் நடந்துவிடுகிறது. சில நாள்களிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும் உயிர் என்பதால் தரை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் புதிய கூட்டம் உடனே குடியேறுகிறது. ஆகவே ஓதக் கரையில் ஒரு சென்டிமீட்டர் மண்ணில் உள்ள ஓடுகளைப் படித்தால், அந்த மண் படிந்தபோது தரை கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஓரளவு சொல்லலாம்.

இதன் வலிமை முழுதாக வெளிப்பட்டது வட அமெரிக்காவின் பசிபிக் கரையில். வடக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை சுமார் 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஹுவான் டி ஃபூகா என்ற கடல் தட்டு கண்டத்தின் அடியில் நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. காஸ்கேடியா என்று இதற்குப் பெயர். சிலி, அலாஸ்கா, ஜப்பான் போன்ற இத்தகைய இடங்களிலெல்லாம் பெரும் நிலநடுக்கங்கள் வந்திருக்கின்றன. காஸ்கேடியாவில் மட்டும் எழுதப்பட்ட வரலாற்றில் ஒன்றுகூட இல்லை. எழுதப்பட்ட வரலாறே அங்கே இருநூறு ஆண்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தக் கரையின் பழங்குடிகள் நிலம் குலுங்கிக் கடல் ஏறிவந்த கதைகளைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், காதுகொடுத்தவர்கள் குறைவு. இரண்டு தட்டுகளும் உரசாமல் வழுக்கிக்கொண்டே போகின்றன, ஆபத்தில்லை என்று 1980கள் வரை பல நிபுணர்கள் கருதினார்கள்.

1986இல் பிரையன் அட்வாட்டர் என்ற நிலவியலாளர் வாஷிங்டன் மாநிலத்தின் கழிகளில் சிறு படகில் போய், தாழ் ஓதத்தின்போது வெளியே தெரியும் கரைச்சரிவுகளைப் பார்க்கத் தொடங்கினார். வில்லப்பா விரிகுடாவில் விழும் ஆறுகளின் கரையில் அவர் கண்டது, புல்லும் வேரும் மட்கிய கறுப்பு மண், அதன்மேல் கத்தியால் வெட்டியதுபோல நேராகத் தொடங்கும் சாம்பல் நிறச் சேறு. மேலே புல்திடல், அதற்குக் கீழே சேறு, அதற்கும் கீழே இன்னொரு பழைய புல்திடல். கடந்த 7,000 ஆண்டுகளில் குறைந்தது ஆறு முறை இப்படிச் செழித்த நிலம் சேற்றில் புதைந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் தரை அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை திடீரென்று இறங்கியிருக்கலாம் என்று 1987இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். குறைந்தது மூன்று புதைந்த மண்களின் மேல், இயல்பாக அங்கே வரமுடியாத மணல் விரிப்பும் இருந்தது.

'திடீரென்று' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது. கடல்மட்டம் நூறு ஆண்டில் மெல்ல உயர்ந்தாலும் புல்திடல் மூழ்கிச் சேறாகிவிடும். கண்ணால் பார்த்த கோட்டின் கூர்மையை மட்டும் வைத்து நிலநடுக்கம் என்று சொன்னால் எதிர்த்தரப்பு விடுமா? எய்லீன் ஹெம்ஃபில்-ஹேலி அதே விரிகுடாவில் விழும் நியாவியாக்கும் ஆற்றங்கரை மண்ணில் டயாட்டம்களை எண்ணி 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. நிலம் மெல்ல இறங்கியிருந்தால் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்குவதுபோல, உயர்ந்த திடலின் இனங்கள், இடைத்திடலின் இனங்கள், தாழ்திடலின் இனங்கள், பிறகு சேற்றின் இனங்கள் என்று வரிசை தெரிய வேண்டும். கறுப்பு மண்ணின் உச்சியில் உயர்ந்த திடலின் ஓடுகள் இருந்தன. அடுத்த சில மில்லிமீட்டரிலேயே சேற்றுப் பரப்பின் ஓடுகள். நடுப்படிகள் இல்லை. என்ன இருந்தது என்பதைவிட எது இல்லை என்பது வாதத்தைத் தீர்த்துவைத்த அரிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

இரண்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய மணலிலும் ஓடுகள் இருந்தன. அவை மேலிருந்த சேற்றின் கூட்டமும் இல்லை, கீழிருந்த திடலின் கூட்டமும் இல்லை. வெளியே, விரிகுடாவின் மணல்திட்டில் மணல்துகளைப் பற்றிக்கொண்டு வாழ்பவை. ஆறு கொண்டுவந்த மணலாக இருந்தால் நன்னீர் இனங்கள் வந்திருக்கும். மணல் கடல் பக்கமிருந்து உள்ளே ஏறியிருக்கிறது, அதுவும் தரை இறங்கிய உடனேயே. நடுக்கம் கிளப்பிய ஆழிப்பேரலையின் வேலை அது. ஹெம்ஃபில்-ஹேலி இன்னொன்றையும் காட்டினார். மணல் கண்ணுக்குத் தெரியாமல் முடிந்துபோன இடத்துக்கு அப்பாலும், உள்நாட்டு வண்டலில் இந்த அந்நிய ஓடுகள் கிடக்கின்றன. மணலை வைத்து அளந்தால் அலை எவ்வளவு தூரம் ஏறியது என்பதைக் குறைத்தே மதிப்பிடுவோம்.

என் கருத்தின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது. தரையின் உயரத்தைக் கணக்கிடுகிறவருக்கு வழிப்போக்கு ஓடு ஒரு தொல்லை. ஒவ்வொரு ஓதமும் கடலிலிருந்து ஓடுகளைச் சுமந்துவந்து புல்லிடையே விட்டுப்போகிறது. பாராலியா சல்காட்டா என்ற கடல் இனம் தடித்த ஓடுடையது, சங்கிலியாக வளர்வது, எளிதில் கரையாதது; அது வாழாத இடத்தில்கூட அதன் ஓடு குவிந்து கிடக்கும். அதை அப்படியே எண்ணினால் புல்திடல் கடலாகத் தெரியும். ஆகவே கணக்கிலிருந்து அதைக் கழித்துவிடுகிறார்கள். ஆனால் ஆழிப்பேரலையைத் தேடுகிறவருக்கு இடம் மாறிய அந்த ஓடுகள்தாம் சாட்சி. ஒரே மண்தூண், ஒரே நுண்ணோக்கி. ஒருவர் தள்ளிவிடுவதை அடுத்தவர் பொறுக்கி எடுக்கிறார். சில வேளை இருவரும் ஒரே ஆள்.

காஸ்கேடியாவின் கதை பிறகு வேகமாக நகர்ந்தது. ஜப்பானியக் கரையூர்களின் பழைய பதிவுகளில், 1700 ஜனவரி இறுதியில் நிலம் சற்றும் குலுங்காமலே கடல் ஏறிவந்து வீடுகளை அழித்த செய்தி இருந்தது. தாய் இல்லாத அந்த அலையின் தாய் காஸ்கேடியாதான் என்று கெஞ்சி சத்தாகேயும் சக ஆய்வாளர்களும் 1996இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 1700 ஜனவரி 26, உள்ளூர் நேரம் இரவு சுமார் 9 மணி, ரிக்டர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லும் அளவில் 9ஐ ஒட்டிய நடுக்கம். உப்புநீரில் மூழ்கிச் செத்து நின்ற சீடார் மரங்களின் வேர்வளையங்களை எண்ணியவர்கள், மரங்கள் 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையே இறந்தன என்று அடுத்த ஆண்டு உறுதிப்படுத்தினார்கள். நாள் குறித்தது மரமும் ஏடும். அந்த இரவில் நிலத்துக்கு நடந்தது என்ன என்பதைச் சொன்னது பாசி.

பாசியின் சாட்சி ஒரு நிகழ்வோடு நிற்கவில்லை. ஓரிகன் மாநிலத்தின் பிராட்லி ஏரி கடலுக்கு அருகே உள்ள நன்னீர் ஏரி. பெரிய அலை மட்டும் எட்டக்கூடிய உயரத்தில் அது அமைந்திருப்பது ஆய்வாளர்களின் அதிர்ஷ்டம். அதன் அடியில் கடல்மணல் 13 முறை புகுந்த தடயம் இருக்கிறது. ஹார்வி கெல்சியும் ஹெம்ஃபில்-ஹேலி உள்ளிட்ட சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட முடிவு இது: 4,600 ஆண்டுக்கு முன்பிருந்து 2,800 ஆண்டுக்கு முன்பு வரை ஆயிரம் ஆண்டுக்கு மூன்று நான்கு அலைகள், பிறகு சுமார் ஆயிரம் ஆண்டு அமைதி, பிறகு ஆயிரம் ஆண்டில் நான்கு, மறுபடி 700 ஆண்டு இடைவெளி, அதற்குப் பின் 1700. சராசரியாக இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து நெளிய வேண்டியிருக்கும்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் யூகி சவாய் குழுவினர் கண்டது வில்லப்பாவுக்கு நேர்மாறான நாடகம். 17ஆம் நூற்றாண்டில் ஓர் ஆழிப்பேரலை கொட்டிய மணலுக்கு மேலே, சில பத்து ஆண்டுகளுக்குள் சேற்றுப் பரப்பு நன்னீர்க் காடாக மாறியிருக்கிறது. டயாட்டம் கூட்டங்கள் படிப்படியாக நன்னீர் இனங்களாக மாறுகின்றன. தரை சுமார் ஒரு மீட்டர் மெல்ல உயர்ந்திருக்கிறது. 2004இல் வந்த இந்த ஆய்வின்படி, நடுக்கம் முடிந்த பிறகும் தட்டுகளின் எல்லை ஆழத்தில் ஊர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பகுதியின் இருநூறு ஆண்டு எழுத்துப் பதிவில் அதற்கு இணையான நிகழ்வே இல்லை. இங்கே நடுப்படிகள் எல்லாம் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே இல்லாமை சாட்சியானதுபோல இங்கே இருத்தல்.

சவாய் இதற்கு முன்பே செய்த ஒரு வேலை எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. இன்றைய சதுப்பில் உயிரோடு இருக்கும் டயாட்டம்களையும் வெற்று ஓடுகளையும் தனித்தனியாக எண்ணி, இரண்டின் பரவலும் எங்கே பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்தார். ஓடு கிடந்த இடத்தை வாழ்ந்த இடமாக எடுத்துக்கொண்ட பலரும் செய்யத் தவறிய அடிப்படைச் சோதனை அது. செய்தித்தாளில் வருகிற வேலை இல்லைதான்.

2011 மார்ச் 11இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலை இந்தத் துறைக்கே ஒரு தேர்வு வைத்தது. செண்டாய் சமவெளியில் கி.பி. 869ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் மணல் புதைந்திருப்பதை ஆய்வாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 2011இன் அலை வடிந்ததும் புத்தம்புதிய மணல் கையில் கிடைத்தது. எங்கிருந்து வந்தது என்று ஐயமே இல்லாத மணல். அதில் கடல் டயாட்டம்கள் கொட்டிக்கிடக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். போலந்தைச் சேர்ந்த விட்டோல்ட் ஷ்சுசின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் எண்ணிப் பார்த்தபோது மிகச் சொற்பமாகவே இருந்தன. அலை கடலடியைவிடக் கரையோர மணல்மேட்டையும் வயல் மண்ணையும் அதிகமாக வாரிச் சுருட்டியிருந்தது; ஆகவே ஓடுகள் பெரும்பாலும் நன்னீர், உவர்நீர் இனங்கள். யாரும் பார்த்திராத ஒரு பழைய மணலில் இதே கூட்டம் கிடைத்திருந்தால், 'இது கடலிலிருந்து வரவில்லை' என்று எழுதித் தள்ளியிருப்பார்கள். கடல் ஓடு இருந்தால் கடல் வந்தது எனலாம். இல்லாவிட்டால் வரவில்லை என்று சொல்ல முடியாது. புயலா ஆழிப்பேரலையா என்ற கேள்விக்கும் ஓடு தனியாகப் பதில் சொல்லாது, இரண்டும் கடலைத்தானே கொண்டுவருகின்றன. வில்லப்பாவில் பதில் கிடைத்ததற்குக் காரணம், மணல் வருவதற்குச் சற்று முன்புதான் தரையும் இறங்கியிருந்தது. புயல் தரையை இறக்காது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு நம் கரைக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோன அந்த அலைக்கு முன்னோடி உண்டா? தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மணல்மேடுகளுக்கிடையே உள்ள சதுப்புப் பள்ளங்களைத் தோண்டியவர்கள், 550 முதல் 700 ஆண்டுக்கு முன் அதே அளவு அலை ஏறிய மணலைக் கண்டு 2008இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு சுமத்ராவின் ஆச்சே கரையிலிருந்து வந்த ஆய்வு, கி.பி. 1290க்கும் 1400க்கும் இடையே ஓர் அலையைக் காட்டியது. பிரா தோங்கில் 2004இன் மணலில் உள்ள டயாட்டம்களையும் சவாய் குழு படித்தது, பழையதைப் படிக்கப் புதியது அளவுகோலாக வேண்டுமே. ஆனாலும் வெப்பமண்டலம் இந்த வேலைக்குக் கருணை காட்டுவதில்லை. குளிர்ந்த, அமிலத்தன்மையுள்ள சதுப்பு மண்ணில் சிலிக்கா ஓடு ஆயிரமாயிரம் ஆண்டு தாங்கும். சூடான, காரத்தன்மையுள்ள நீரில் கரையும். நண்டுகள் வளை தோண்டி அடுக்கைக் கலக்கும். மிஞ்சுவது தடித்த ஓடுகள் மட்டுமே என்றால், எண்ணிக்கை பழைய கரையின் கதையைவிடக் கரைதலின் கதையையே அதிகம் சொல்லும்.

ஓட்டுக் கூட்டத்தைத் தரையின் உயரமாக மாற்றுவதற்கு இன்று புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. இன்றைய சதுப்பில் கீழிருந்து மேல்வரை மாதிரிகள் எடுத்து, ஒவ்வோர் இனமும் எந்த உயரத்தை விரும்புகிறது என்று கணக்கிட்டு, அந்தச் சமன்பாட்டைப் பழைய மண்ணுக்குப் பயன்படுத்துகிறார்கள். பிழை எல்லையோடு ஓர் எண் கிடைப்பதால் முறை கவர்ச்சியானது. எண் கிடைத்துவிட்டதாலேயே கேள்வி தீர்ந்துவிட்டது என்ற மயக்கமும் கூடவே வருகிறது.

அலாஸ்காவில் அந்த மயக்கம் ஒரு நீண்ட விவாதமாக ஆகியிருக்கிறது. 1964 மார்ச் 27இல் அங்கே 9.2 அளவில் நிலம் நடுங்கியபோது, கிர்ட்வுட் என்ற ஊரின் கரை ஒன்றரை மீட்டருக்கும் மேல் இறங்கியது. புதைந்த திடலை இயன் ஷெனனும் டரம் பல்கலைக்கழகத்தில் அவருடைய சக ஆய்வாளர்களும் நுணுக்கமாகப் படித்தார்கள். கறுப்பு மண்ணின் உச்சியில் உள்ள சில சென்டிமீட்டர்களில், நடுக்கத்துக்கு முன்பே, டயாட்டம்கள் சற்று உப்பான நீரின் பக்கம் சாய்ந்திருந்தன. பழைய நடுக்கங்களின் அடுக்குகள் சிலவற்றிலும் அப்படியே. பெரும் நடுக்கத்துக்குச் சில ஆண்டுகள் முன்பாகவே நிலம் மெல்லத் தாழத் தொடங்குகிறது என்பதன் அறிகுறியா இது? உண்மையென்றால் அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கரையோர அளவுகோல்கள் முன்னெச்சரிக்கை தந்துவிடும்.

நான் இன்னும் நம்பவில்லை. அவர்கள் சொல்லும் இறக்கம் சிறியது, கணக்கின் பிழை எல்லையும் அதற்கு நெருங்கியே வருகிறது. அதைவிட முக்கியமாக, அந்த உப்புநீர் ஓடுகள் அங்கே வாழ்ந்தவையா, நிலம் இறங்கிய பிறகு மேலே படிந்த சேற்றிலிருந்து வேர்த்துளை வழியாகவும் புழுவளை வழியாகவும் கீழே இறங்கியவையா என்று பிரித்தறிவது கடினம். ஷெனன் தரப்பு இதை அறியாமல் இல்லை. எல்லா இனங்களும் ஒரே அளவில் கலக்கவில்லை, சேற்றில் இல்லாத இனங்களும் மாறியிருக்கின்றன என்பது அவர்களுடைய பதில். வலுவான பதில்தான், ஆனால் முடிவான பதில் இல்லை. சோதிக்க ஒரு வழி எனக்குத் தோன்றுகிறது. காஸ்கேடியாவில் சில இடங்களில் தரை இறங்கிய உடனேயே அலை மணலைக் கொட்டிப் பழைய மண்ணை மூடி முத்திரை போட்டிருக்கிறது. தடித்த மணலுக்குக் கீழே சேறு எளிதில் கசியாது. அப்படி மூடப்பட்ட மண்ணின் கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரை மில்லிமீட்டர் கணக்கில் சீவி எண்ணினால், அங்கும் அதே உப்புச் சாய்வு தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் ஷெனன் பக்கம் போய்விடத் தயார். தெரியாவிட்டால் கிர்ட்வுட்டின் முன்னறிகுறி, நடுக்கத்துக்குப் பிறகு மேலிருந்து இறங்கிவந்த ஓடுகளின் வேலை.